சொல்லாமல் வைத்த ஒன்பது நாள்

நம் குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசி வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். சர்க்கரை எவ்வளவு, முட்டிவலிக்கு என்ன தைலம், யார் பேத்திக்குக் காதுகுத்து என்று ஆரம்பித்தால் அப்புறம் ஓயாது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். நீளம்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் நம் வகுப்பு லீடர் கூப்பிட்டான். அறுபதைத் தொடப்போகிறவன், பேரன் எடுத்தவன், ஆனாலும் நமக்கு அவன் லீடர்தான். நாம் படித்த மலைப் பள்ளிக்கூடத்தின் மேலாண்மைக் குழுவில் இப்போது இருக்கிறான்.

"இன்னா, மலைக்கு வர்றியா? வெள்ளிக்கெழம பத்தாவது புள்ளைங்களுக்கு ஒரு கூட்டம் வச்சிக்கிறோம். மன அழுத்தம், பரீட்ச பயம், அத்த எப்டி சமாளிக்கிறதுன்னு. வேலூர்லேர்ந்து ஒரு டாக்டரம்மா வருது. நீயும் வந்து உன் கதைய சொல்லு. அம்மா செத்த சேதி தெரிஞ்சும் கலங்காம பரீட்ச எழுதினியே, அது ஒண்ணு போதும் புள்ளைங்களுக்கு" என்றான்.

"நீயும் அங்கதானடா இருந்த?" என்று மட்டும் கேட்டேன்.

"இருந்தேன். அதுக்கு இன்னா இப்போ?" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு அவனுக்கே அந்தக் கதை உண்மையாகிவிட்டது.

எனக்குச் சேதி தெரியாது. அம்மா இறந்து ஒன்பது நாள் வரைக்கும் எனக்குத் தெரியாது. உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைகள் முன்னால் போய் நின்றால் எதைச் சொல்வது, பெரிய சார் பரப்பிவிட்ட கதையையா, நடந்ததையா? அதை முடிவு பண்ணத்தான் எல்லாவற்றையும் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

அந்த வருஷம் பத்தாவதில் நாம் இருபத்திரண்டு பேர். பெண்கள் ஆறு பேர். நாலு மணிக்குத் தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். மார்கழி, தையில் அந்த நேரத்துக்கு மலையில் எப்படிக் குளிரும் என்று உங்களுக்கே தெரியும். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினால் பல் கிட்டிக்கொள்ளும். அரிக்கேன் விளக்குக்கு நாலு பேர் என்று உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். சத்தம் குறைந்தால் வார்டன் அம்மாவின் மரஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும், அதுவும் தட்டையாக இல்லை, விளிம்பால்.

திங்கட்கிழமைதோறும் வரிசை மாறும். சனிக்கிழமைப் பரீட்சை மார்க்கைப் படித்து, முதல் மார்க் போர்டுக்கு நேர் எதிரே, கடைசி மார்க் கதவோரம் என்று உட்கார வைப்பார்கள். கதவோரத்தில்தான் சாரலும் காற்றும் வரும். நாற்பதுக்குக் கீழே எடுத்தவர்கள் சாயங்காலப் படிப்பை நின்றுகொண்டே படிக்க வேண்டும். இதெல்லாம் பெரிய சார் ஏற்பாடு. தலைமையாசிரியரும் அவர்தான், கணக்கு வாத்தியாரும் அவர்தான். நின்றால் தூக்கம் வராது, தூக்கம் வராவிட்டால் மார்க் வரும் என்பது அவர் கணக்கு. கெட்ட மனுஷன் இல்லை. கீழே நல்ல ஊரில் வேலை கிடைத்தும் போகாமல் மலையிலேயே கிடந்தவர். நம் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை ஒரு பெண்கூடப் பத்தாவது தேறியதில்லை. அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் போர்டுக்கு எதிரே உட்காருகிறவள். அந்த இடத்தில் உட்காருகிறவளுக்கு என்ன பயம் என்று நினைப்பீர்கள். கதவோரத்தில் இருப்பவனுக்கு இதற்குமேல் நகர இடமில்லை. எனக்கு ஒவ்வொரு திங்களும் பின்னால் போக இருபத்தோரு இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது திங்கட்கிழமை காலையில் வாந்தியாக வந்துவிடும். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் ரத்தம். புத்தகத்தில் ரத்தக்கறை பட்டால் அதற்கு ஒரு அடி.

இன்னொன்றும் எழுதுகிறேன். இந்த வயசில் எனக்கு என்ன வெட்கம்? அந்தக் கார்த்திகையிலிருந்து நான் பாயில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தேன். பதினைந்து வயசுப் பெண். வார்டன் அம்மா அந்தப் பாயைப் பையன்கள் பக்கத்து வேலியில் காயப்போடச் சொல்வார். வெட்கப்பட்டாலாவது நிற்கும் என்று ஒரு வைத்தியம். நீங்கள் சிரித்தீர்கள். லீடர்தான் முதலில் சிரித்தான். போகட்டும், சிரித்த நேரமாவது உங்களுக்குப் பயம் இல்லாமல் இருந்திருக்கும். இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது, மருத்துவத்தில் அதைப்பற்றி ஒரு பாடமே இருக்கிறது என்று நர்ஸ் படிக்கப்போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது அதற்குப் பெயர் கொழுப்பு.

மாசியில் ஒரு நாள் அம்மா வந்தாள். அது புளி உலுக்கும் சமயம், மலையில் யாருக்கும் கை ஒழியாது. அதற்கு நடுவில் இரண்டு மலை மடிப்பு ஏறி இறங்கி வந்திருக்கிறாள். படிக்கிற கொட்டகையின் ஜன்னல் வழியாக எனக்குக் குரல் கேட்டது.

"பாத்துட்டு போய்டறேங்க. ஒரே ஒரு பேச்சு."

"ஞாயித்துக்கெழமதான் பாக்கலாம்னு எத்தினி வாட்டி சொல்றது?" இது வார்டன் அம்மா. "பரீட்ச நேரம்மா. நீ வந்து வந்து நின்னா புள்ள மனசு கலையும். போய்ட்டு ஞாயித்துக்கெழம வா."

அம்மா ஒரு துணி முடிச்சைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். உள்ளே வறுத்த புளியங்கொட்டை. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஏன் எழுந்தாய் என்று கேட்பார்கள், உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. பச்சைச் சேலை, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். பாறை திரும்பும் இடத்தில் ஒரு தடவை நின்றாள், செருப்பில் மாட்டிய முள்ளை எடுத்துப் போட்டாள், போனாள். ஞாயிற்றுக்கிழமை அவளால் வர முடியவில்லை. நான் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அந்த முதுகுதான்.

பங்குனியில் நம்மைப் பரீட்சைக்குக் கீழே கூட்டிப்போனார்கள். மலையில் அப்போது சென்டர் கிடையாது, ஒடுகத்தூருக்குத்தான் வர வேண்டும். புளி மூட்டை ஏற்றிய லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தோம். பையன்களுக்குச் சென்டர் பள்ளிக்கூடத்து வராந்தா. பெண்களுக்கு வியாபாரி பாய் ஒருவர் தன் மல்லாட்டைக் குடோனைக் காலி செய்து கொடுத்திருந்தார். நிலக்கடலையைத்தான் சொல்கிறேன், கீழே பிறந்த உங்கள் மருமகள்கள் படித்தால் புரியட்டும். மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கிவிட்டு, தரையைக் கழுவி, ஒரு மின்விசிறி மாட்டியிருந்தார். மின்விசிறிக்குக் கீழே படுப்பது நம் ஆறு பேருக்கும் அதுதான் முதல் தடவை. சாக்கு நாற்றமும் கடலைத் தூசும் மூக்கில் ஏறும். ஆறு பேரும் தும்முவோம், சிரிப்போம், வார்டன் அம்மா ஸ்கேலால் கதவைத் தட்டுவார்.

தமிழ் இரண்டு தாளும் முடிந்து ஒரு நாள் லீவு. அன்று காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் பெரியப்பா நிற்கிறார். அப்பாவுக்கு மூத்தவர், காரணமில்லாமல் மலையை விட்டு இறங்காதவர். வேட்டியெல்லாம் செம்மண். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஓடினேன்.

"இன்னா பெரிப்பா, இங்க?"

"சந்தைக்கு வந்தேம்மா."

"இன்னிக்கு சந்தையா?"

"துன்னியா?" என்று கேட்டார்.

"இனிமேதான். அம்மா எப்டி கீது பெரிப்பா?"

"வூட்லதான் கீது" என்றார். "நீ நல்லா எழுது."

"அம்மாகிட்ட சொல்லுங்க, இங்க எங்களுக்கு ஃபேன் போட்டுக்கிறாங்கன்னு."

"சொல்றம்மா" என்றார். என் தலையில் கை வைத்தார், எடுத்தார், பிறகு பெரிய சாரைப் பார்க்க வேண்டும் என்று போனார். நான் வாயைக் கொப்பளிக்கப் போனேன்.

நடந்ததை நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாவது நாள் நடுச்சாமத்திலேயே தூளி கட்டி, நாலு பேர் தோளில் வைத்து, ஆஸ்பத்திரிக்கு இறக்கியிருக்கிறார்கள். பாதி வழியில், ஓடைக்குப் பக்கத்தில் மூச்சு நின்றுவிட்டது. மற்றவர்கள் தூளியோடு மேலே திரும்பினார்கள், பெரியப்பா மட்டும் கீழே இறங்கி வந்தார். அவளைக் கொண்டுவர இருந்த ஆஸ்பத்திரி ஒடுகத்தூரில்தான் இருந்தது. அம்மா நான் இருந்த ஊருக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

"இட்னு வரச் சொல்றான் அவங்கப்பன். அனுப்புங்க சார்" என்று பெரியப்பா கேட்டிருக்கிறார்.

"இன்னும் அஞ்சு பரீட்சை இருக்கு" என்று பெரிய சார் சொல்லியிருக்கிறார். "இப்போ கூட்டிட்டுப் போனா இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம் எழுத அனுப்புவீங்களா? மாட்டீங்க. சோறாக்க ஆள் இல்லன்னு வூட்ல வைப்பீங்க, அப்புறம் கட்டிக் குடுத்துடுவீங்க. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

பெரியப்பாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அது உண்மைதான், அப்படித்தான் நடந்திருக்கும். "மூஞ்சிய ஒரு வாட்டி பாக்க வாணாமாங்க?" என்று மட்டும் கேட்டாராம். போன உயிர் வரப்போவதில்லை, இருக்கிற பிள்ளையைப் பார்ப்போம் என்றாராம் பெரிய சார். பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மலை ஏறினார்.

அன்று சாயங்காலம் நான் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது, பெரிய சார் உங்கள் இருபத்தோரு பேரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் மூச்சு விடக்கூடாது. மூஞ்சியில் காட்டக்கூடாது. கடைசிப் பரீட்சை வரைக்கும் அவளைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் உத்தரவு நம் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்னால் யாரும் போட்டதில்லை.

மறுநாள் காலையில் என்னை யாரும் நாலு மணிக்கு எழுப்பவில்லை. நானே விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. ஐயோ என்று பதறி எழுந்தேன். வார்டன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்கேல் இல்லை, சீப்பும் எண்ணெய்க் கிண்ணமும் இருந்தன. "குந்து இப்டி" என்றார். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், அடி விழுமென்று தோளைக் குறுக்கிக்கொண்டு. அவர் தலையைப் பிரித்து, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வலிக்காமல் பின்னி ரிப்பன் கட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது நாளும் காலையில் அதே மாதிரி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாஷ்டாவுக்கு எனக்கு ஓர் அவித்த முட்டை. சாப்பாட்டில் இரண்டாவது தடவை சோறு வேண்டுமா என்று கேட்டார்கள். பாய் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் சேமியா பாயசம் எனக்கு மட்டும் வந்தது. அதைக் கொண்டுவந்த அந்த வீட்டு அம்மா நான் குடித்து முடிக்கிற வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒருத்திக்கு மட்டும் தூக்கம் கொடுத்தால் சந்தேகம் வரும் என்று ஆறு பேரையும் ஆறு மணிக்குத்தான் எழுப்பினார்கள். யார் கையிலும் அடி விழவில்லை. பையன்கள் வராந்தாவிலும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று லீடரே அப்போது சொன்னான்.

பெரிய சார் கணக்குக்கு முன்னால் இரண்டு நாள் குடோனுக்கு வந்து சாக்கின் மேல் உட்கார்ந்து எனக்குத் தேற்றம் சொல்லிக்கொடுத்தார். அஞ்சு வருஷமாக அவரிடம் படிக்கிறேன், அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. ஓர் இடத்தில் தப்புப் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன், பழக்கத்தில். அவர் என் கையைப் பார்த்தார், மெல்ல மடக்கி மடியில் வைத்தார். "தப்பு வந்தா பரவால்லம்மா. இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன், வந்தது. அதுவரை மனப்பாடம் செய்துவைத்திருந்த கணக்கெல்லாம் அந்த இரண்டு நாளில்தான் எனக்குப் புரிந்தது.

காரணம் என்னவென்று நானும் யோசித்தேன். சின்ன மூளைக்கு ஒன்றுதான் தோன்றியது: நான் நன்றாகப் படிக்கிறேன், தமிழை நன்றாக எழுதியிருக்கிறேன், பெரிய சாருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நினைப்பில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. நகம் கடிப்பதை விட்டேன். சாப்பிட்டது வயிற்றில் நின்றது. ஒன்பது நாளும் என் பாய் நனையவில்லை.

என் பக்கத்துப் பாயில் படுப்பவள் மட்டும் ஒரு மத்தியானம் மூட்டைக்குப் பின்னால் போய் அழுதுகொண்டிருந்தாள். தேடிப் போனேன்.

"கணக்குக்கா இப்டி அழுவுற? நான் சொல்லித் தர்றேன், வா."

"அதில்ல. எங்கம்மாவ பாக்கணும் போல கீது."

"அட, இதுக்கா? இன்னும் நாலு நாளு. ஒண்ணா போலாம். முதல்ல உங்கம்மா, அப்புறம் எங்க வூட்டுக்கு வா, எங்கம்மா உனக்குப் புளியங்கொட்ட வறுத்துத் தரும்" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். எனக்கு அலுப்பாகிவிட்டது. இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், இவளுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். அவள் இப்போது நம் குரூப்பில்தான் இருக்கிறாள். படித்துவிட்டு மறுபடி அழாதேடி. உனக்கும் பதினைந்து வயசுதான் அப்போது. உன் தலையில் அவ்வளவு பெரிய சுமையை ஏற்றியிருக்கக் கூடாது. பேசினால் உளறிவிடுவோம் என்று ஒன்பது நாளும் நீ என் முகத்தைப் பார்க்காமலே இருந்தாய். அதற்கும் உனக்கு யாரும் முட்டை கொடுக்கவில்லை.

கடைசிப் பரீட்சை சமூக அறிவியல். முடித்துவிட்டு வந்தேன். குடோன் வாசலில் நீங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தீர்கள், லீவு விட்ட பிள்ளைகளுக்கு இருக்க வேண்டிய கூச்சல் இல்லை. பெரிய சார் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"எப்படிம்மா எழுதின?"

"நல்லா எழுதிக்கிறேன் சார்."

"அம்மா தவறிட்டாங்கம்மா."

"எப்போ சார்?"

"இங்கிலீஷ் பரீட்சைக்கு முந்தின நாள்."

நான் எண்ணிப் பார்த்தேன். இங்கிலீஷ் இரண்டு, கணக்கு, அறிவியல், இன்று எழுதியது. அன்று காலையில் பெரியப்பா தெருவில் நின்றது. "வூட்லதான் கீது" என்று அவர் சொன்னது. "சரிங்க சார்" என்றேன். பெட்டியை எடுத்துத் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தேன். அப்போது என் மனசில் வந்த முதல் நினைப்பு அம்மாவைப் பற்றி இல்லை. அப்படியானால் நாளைக்கு எனக்குத் தலை பின்ன மாட்டார்கள் என்பதுதான். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போனபோது மண்ணில் வைத்தாகிவிட்டது, பாலும் தெளித்தாகிவிட்டது. காரியத்தன்று பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "அழுதுடும்மா, உள்ள வச்சிக்காத" என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அத்தை ஒருத்தி பளாரென்று கன்னத்தில் அடித்துக்கூடப் பார்த்தாள். வரவில்லை. மற்றவர்கள் ஒன்பது நாளுக்கு முன்னாலேயே அழுது முடித்திருந்தார்கள். அப்பா கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னை அனுப்பாததற்காகப் பெரிய சாரிடமோ, கூட்டிக்கொண்டு வராததற்காகப் பெரியப்பாவிடமோ அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாகிற வரைக்கும் அவர்கள் இரண்டு பேரிடமும் அவர் பேசவும் இல்லை.

நான் தேறினேன். கணக்கில் மலையில் அதுவரை யாரும் எடுக்காத மார்க். எப்போதும் பாதிப் பேர் தோற்றுப்போகிற நம் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் மூன்று பேரைத் தவிர எல்லோரும் தேறினோம். உங்களுக்கும் அந்த ஒன்பது நாள் அடி விழவில்லை, தூக்கம் கிடைத்தது. அதை அப்போது யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. பரீட்சை முடிந்த அடுத்த திங்கட்கிழமையே ஒன்பதாவதுக்கு வழக்கம்போல வரிசை மாற்றினார்கள்.

நான் நர்ஸ் ஆனேன். முப்பத்தைந்து வருஷம் வார்டில் நின்றிருக்கிறேன். இறந்துவிட்டார் என்று எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன், ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போட்டதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று வார்டில் பெயர். சொல்லிவிட்டுப் போக மாட்டேன், பக்கத்தில் நிற்பேன். அதை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு தடவை நம் மலையிலிருந்து பத்தாவது படிக்கிற பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தீராத வயிற்றுவலி. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன், நம் பள்ளிக்கூடம். "பரீட்ச பயமாடி?" என்றேன். தலையாட்டினாள்.

"டீச்சருங்க திட்டுவாங்க சிஸ்டர். எங்க ஸ்கூல்ல முந்தி ஒரு அக்கா படிச்சாங்களாம். அவங்கம்மா பொணத்த வூட்ல வச்சிட்டு வந்து பரீட்ச எழுதி ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினாங்களாம். நீ இன்னாடான்னா வயித்துவலிக்கே அழுவுறியேன்னு கேப்பாங்க."

அப்போதுதான் எனக்கே தெரியும், நான் ஒரு கதையாகியிருக்கிறேன் என்று. பெரிய சார் ஓய்வு பெறுகிற வரைக்கும் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறார், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தொடர்ந்திருக்கிறார்கள். நான் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லவில்லை. ட்ரிப்ஸை மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அது தப்பு. நான் வேண்டுமென்று செய்த தப்பு அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

லீடர் கூப்பிட்ட மறுநாள் கலசப்பாக்கம் போய் வார்டன் அம்மாவைப் பார்த்தேன். மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம், ஆனால் என்னைத் தெரிந்தது.

"எம்மேல கோவமா?" என்றார்.

"இல்லம்மா."

"சொல்லிடலாம்னுதான் உனக்குத் தல பின்ன ஆரம்பிச்சேன். பின்னும்போது மூஞ்சிய பாக்க வேணாமில்ல. தெனமும் இன்னிக்குச் சொல்லிடணும்னு குந்துவேன். ரிப்பன் கட்டி முடிச்சிடும், வாய் வராது." பிறகு, "அன்னிக்கு உங்கம்மாவ உள்ள வுட்டிருக்கலாம்" என்றார்.

வேறு ஒன்று கேட்டேன். "அதுக்கு முன்னாடி ஏம்மா எங்கள அப்டி அடிச்சீங்க?"

"அடிக்கலன்னா புள்ளைங்க எப்டி படிக்கும்?"

"அந்த ஒம்பது நாளு அடிக்கலியே. படிச்சேனே."

அவர் என்னையே பார்த்தார். "ஆமா, படிச்ச" என்றார். பிறகு உள்ளே திரும்பி, காபி கொண்டுவரச் சொல்லி மகளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் பயமில்லாமல் இருந்தது அந்த ஒன்பது நாள்தான். நான் நன்றாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் என் கல்யாணத்தையும் பிள்ளை பிறந்ததையும் தாண்டி மனசு அங்கேதான் போகிறது. மேலே வீட்டில் அம்மாவை மண்ணில் வைத்துக்கொண்டிருந்த நாட்கள். அதை நினைக்கும்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் மனசு அங்கேதான் போகிறது.

இவ்வளவும் எழுதி முடித்து, உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் லீடரைக் கூப்பிட்டேன்.

"வெள்ளிக்கெழம வர்றேன்டா. ஆனா அந்தத் தைரியசாலிப் பொண்ணு கதைய நான் சொல்ல மாட்டேன். இனிமே யாரும் அங்க சொல்லவும் கூடாது."

"இன்னா இப்டி சொல்ற? அப்போ புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லுவ?"

"நெஜத்த. எனக்கு ஒண்ணும் தெரியாது. வூட்ல எல்லாம் நல்லா கீதுன்னு நெனச்சிக்கினு எழுதினேன். ஒம்பது நாளு என்னை யாரும் அடிக்கல, தூங்க வுட்டாங்க, தப்பு வந்தா பரவால்லன்னு சொன்னாங்க. அதனாலதான் பாஸ் பண்ணேன். நீயும் அதனாலதான் பாஸ் பண்ண."

"இத்த புள்ளைங்ககிட்டயா சொல்லுவ?" என்றான்.

"புள்ளைங்ககிட்ட இல்லடா, டீச்சருங்ககிட்டதான் சொல்லப்போறேன். இவ்ளோதான் செய்ய வேண்டியிருந்துச்சு. இத்த செய்யத் தெரியாதவங்க யாரும் அங்க இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. அதுக்கு எங்கம்மா சாவ வேண்டியதில்ல."

அந்தப் பக்கம் லீடர் அழ ஆரம்பித்தான், சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி, சத்தமாக. எனக்கு அழுகை வரவில்லை. அவன் அழுது முடிக்கிற வரைக்கும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.